விட்டமின் மாத்திரை

ஜனவரி 9, செவ்வாய்

காலையில் மூன்றாவது ஷெட்டில் எரு அள்ளினார்கள். மார்கழிப் பனியில் காயாமல் கூழாகக் கிடந்தது. லாரி போன பிறகும் நாற்றம் போகவில்லை. சமையலறை ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறது. அப்படியும் சோற்றுக் குண்டானைத் திறந்தால் எங்கிருந்தோ ஈ வந்து உட்காருகிறது. கல்யாணமாகி இந்தக் கோழிப் பண்ணைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மூக்கு தானாகப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை.

பிறகு நாமக்கல்லில் டாக்டர் ஹேமமாலாவிடம் போனோம். மாத்திரை கொடுத்து முட்டை வளர்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன். லோகு காரிலேயே இருந்துகொண்டார். ஐம்பதாயிரம் கோழிக்கு முதலாளியான என் கணவருக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது. அவருடைய அம்மா, என் அத்தை, என்னோடு உள்ளே வந்தார், திரைச்சீலை வரை வந்தார், சொல்லியிருந்தால் கட்டிலிலும் ஏறியிருப்பார்.

அந்தக் கருவிக்கு உறை மாட்டி, பசை தடவி, "லூசா விடுங்க, லூசா விடுங்க" என்றாள் நர்ஸ். மாதத்துக்கு இரண்டு முறை இதையே சொல்கிறார்கள்.

"எத்தனைங்க டாக்டர் இருக்குது?" திரைக்கு அந்தப்பக்கமிருந்து அத்தை கேட்டார்.

"ஒண்ணும் வளரலைங்கம்மா. போன மாசம் மாதிரியேதான்."

அத்தை உச்சுக் கொட்டினார்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம், "இதுக்கு முன்னாடி எப்பவாவது கர்ப்பம் தரிச்சிருக்கா?" என்றார்.

"ஒருக்காகூட இல்லைங்க" என்றார் அத்தை.

சுவரில் கொழுகொழுவென்று ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் படம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து விட்டமின் போட்டுக்கொண்டேன்.


ஜனவரி 12, வெள்ளி

ஆடிட்டர் ஆபீசுக்குப் பண்ணைக் கணக்கு கொண்டுபோன சாக்கில் பேருந்து நிலையத்தை ஒட்டிய மருந்துக் கடையில் விட்டமின் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.


ஜனவரி 18, வியாழன்

முதல் ஷெட்டைக் காலி செய்தார்கள். முட்டை குறைந்துபோன கோழிகளைக் கறிக்கு ஏற்றும் நாள். காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொத்துக் கொத்தாக எடுத்து வந்து பெட்டியில் திணிப்பார்கள். கத்தல் ரோடு வரை கேட்கும். அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"இத்தன மாசம் தீனி தின்னுருக்குது. முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதையெல்லாம் எத்தன நாளைக்கு வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கறது?"

கோழியைப் பற்றித்தான் பேசினார். லாரி டிரைவர்தான் பாவம், சங்கடத்தோடு என்னைப் பார்த்தான்.


ஜனவரி 22, திங்கள்

டாக்டர் சொன்ன நாள். முட்டை வளராவிட்டாலும் முயற்சியை விடக்கூடாது என்பது லோகுவின் கட்சி. அவர் போனில் அலாரம் வைத்திருக்கிறார். மதியம் சாப்பாட்டுக்கு வரும்போதே அது அடித்தது. கையில் தீவன மாவு, கழுத்தில் வியர்வை. குளித்துவிட்டு வரச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. சொன்னால் நேரமாகும், நேரமானால் அது இன்னும் நீளும்.

அத்தை ஹாலில் டிவி சத்தத்தைக் கூட்டினார். எங்களை அறைக்குப் போகச் சொல்லும் சைகை அது. போகும்முன் கூப்பிட்டுச் சொன்னார்: "கண்ணு, முடிஞ்சதும் உடனே எந்திரிச்சராத. இடுப்புக்குக் கீழ தலகாணி வெச்சுட்டு சித்த படுத்திரு."

மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். லோகு முடித்துவிட்டு, "ரெண்டு மணிக்கு லோடு இருக்குது" என்று சட்டையை மாட்டினார். அடிக்கிற ஆள் இல்லை, குடிக்கிற ஆள் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மாப்பிள்ளை என்பார்கள். நானும் சொல்வேன். வேறு என்ன சொல்வது?

தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன்.


பிப்ரவரி 2, வெள்ளி

மாதவிலக்கு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். ஹார்மோன் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்க்கப் போகிறாராம் டாக்டர். லேப்காரப் பெண், "ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள்.

"விட்டமின்" என்றேன்.


பிப்ரவரி 5, திங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஏ.எம்.எச். என்று ஒன்று இருக்கிறது. கருப்பையை ஒட்டிய சினைப்பையில் முட்டை எவ்வளவு மிச்சம் என்று காட்டுமாம். இருபத்தொன்பது வயதுக்கு அந்த எண் மூன்றாகவாவது இருக்க வேண்டும். எனக்கு ஒன்றுகூட இல்லை. லோகு அந்தக் காகிதத்தை வாங்கி, தடித்த எழுத்தில் போட்டிருந்த எண்ணையே வெறித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அத்தையிடம், "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க, உள்ள ஒரு பரிசோதனை இருக்கு" என்றார். பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கோகிலவாணி, என்ன படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்கூல்ல வேல பாத்தேன்."

"அப்ப சொன்னாப் புரியும். முட்டை நிஜமாவே தீந்துபோச்சுன்னு வைங்க. மூளை சும்மா இருக்காது. முட்டையக் கொடு, முட்டையக் கொடுன்னு எஃப்.எஸ்.எச்.ங்கற ஹார்மோன ஏத்திக்கிட்டே போகும். உங்களுக்கு அது எகிறியிருக்கணும். ஆனா அதுவும் தரையில கெடக்கு. எல்.எச்.சும் அப்படித்தான். ஈஸ்ட்ரோஜனும் இல்ல. எல்லாத்தையும் யாரோ தூங்க வெச்ச மாதிரி இருக்கு."

நான் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"தூங்க வைக்கிறது எதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இருபது வருஷமா அந்த மாத்திரைய நானே எழுதிக் குடுத்துட்டிருக்கேன்."

மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அத்தையின் பச்சைப் புடவை அசைவது தெரிந்தது.

"நான் உங்களைத் திட்டறதுக்காகக் கேக்கல. நீங்க சொல்லாம ஒரு வார்த்தையும் வெளிய போகாது. ஆனா இது இப்படியே போனா எங்க கொண்டுபோய் விடுவாங்கன்னு யோசிச்சீங்களா? அவசரப்படுத்தற வீடு இது. எனக்குப் பாத்தாலே தெரியுது."

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே கோழித் தொண்டை மாதிரிக் கேட்டது.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். பிறகு அவர்களைக் கூப்பிட்டு, மருந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம், இந்த எண்ணை இப்போது நம்ப வேண்டாம் என்றார்.

"மூணு மாசமா?" என்றார் அத்தை, யாரோ மூன்று ஜென்மம் கேட்டதைப் போல.


பிப்ரவரி 6, செவ்வாய்

அந்தம்மா சும்மா நாளைக் கடத்துகிறது என்று லோகு முடிவு செய்துவிட்டார். ஈரோட்டில் பெரிய சென்டர் ஒன்றுக்குப் போகிறோம்.


பிப்ரவரி 14, புதன்

ஈரோட்டில் வாசலிலேயே பிள்ளையார், பெரிய மீன் தொட்டி, சுவர் முழுக்கக் குழந்தைகளின் படம். காத்திருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார்கள் மட்டும் நிமிர்ந்து ஒருவரையொருவர் அளந்தார்கள்.

உள்ளே டாக்டர் என் ரத்த ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியைத்தான் பார்த்தார். மற்ற வரிகளை அவர் கை மறைத்துக்கொண்டிருந்தது. சொந்த முட்டையில் நேரத்தை வீணாக்க வேண்டாம், தானமாக முட்டை வாங்கி லோகுவின் அணுவோடு சேர்த்து என் கர்ப்பப்பையில் வைத்துவிடலாம் என்றார். காபி ஆறுகிற நேரத்தில் என் சினைப்பைகள் இரண்டையும் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

அடுத்த அறையில் ஆலோசனை சொல்லும் பெண். பின் குத்திய புடவை, சிரித்தே பழகிய முகம். அத்தை அவளிடம் குனிந்து, "எவளோ ஒருத்தி முட்டைன்னா என்ன சாதியோ, என்ன ரத்தமோ. இவளுக்குத் தங்கச்சி ஒருத்தி இருக்கறா. அவளுது எடுத்துக்கலாமுங்களா?" என்றார்.

இந்தப் பேச்சு வீட்டில் என் காதில் விழவில்லை. எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது.

"சொந்தத்துல எடுக்கச் சட்டம் விடாதுங்கம்மா" என்றாள் அவள். சிரிப்பு மாறவில்லை. "ஆனா எழுத்துல எப்படிப் போடறதுன்னு நாங்க பாத்துக்கறோம். கல்யாணமாகிக் குழந்த இருக்குதுல்ல?"

"ஒரு பொட்டப்புள்ள இருக்குது" என்ற அத்தை இன்னும் குனிந்தார். "வெக்கும்போது பையனாப் பாத்து வெப்பீங்களாம்மா?"

"அதெல்லாம் இங்க பேசக் கூடாதுங்கம்மா" என்றாள். இங்கே என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அழுத்தினாள். லோகு எழுந்து மேனேஜரைத் தேடிப் போனார்.

திரும்பி வரும் வழியில் குமாரபாளையத்தில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். அத்தைக்கு ஒரு நொடி முகம் மலர்ந்தது. பிறகு ரிப்போர்ட் ஞாபகம் வந்து வாடியது.


பிப்ரவரி 18, ஞாயிறு

கோபிக்குப் போய்த் தங்கை தாரணியைக் கேட்டார்கள். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"லூசு, இதுக்கா இவ்வளவு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரிஞ்ச? எங்கிட்ட இருக்கறது உனக்கு இல்லாமயா அக்கா?"

அவள் புருஷன் பிரபாகரும் சரி என்றுவிட்டான். கோபியில் அவனுக்கு முட்டை ஏஜென்சி எடுத்துத் தருவதாக லோகு சொல்லியிருக்கிறார். அதைக் காரில் வரும்போதுதான் சொன்னார், அதுவும் சாமர்த்தியமாகக் காரியம் முடித்த களிப்பில்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாரணியின் மகள் மிதுனா என் மடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நான் முறுக்குத் துணுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.


பிப்ரவரி 25, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தாரணிக்கும் எனக்கும் மாதவிலக்கு ஒரே சமயத்தில் வர வேண்டும், அப்போதுதான் அவளிடம் எடுத்து எனக்கு வைக்கத் தோது. அதற்கு இரண்டு பேரும் ஒரே மாத்திரையைப் போட வேண்டும்.

அத்தை அட்டையைப் பிரித்து, ஒன்றை அழுத்தி எடுத்து, பால் டம்ளரோடு நீட்டினார். "மறக்காமப் போடு கண்ணு. நம்ம குலம் தழைக்கறது இதுலதான் இருக்குது."

நான் அட்டையைப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை மூன்று வரிசை. கம்பெனி வேறு, உள்ளே இருப்பது அதேதான். அதே அளவு.

சிரித்துவிடுவேனோ என்று பயந்து பாலை மடமடவென்று குடித்தேன். பாலில் ஏடு இருந்தது. தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

இனிமேல் இதில் விட்டமின் என்று எழுதப் போவதில்லை. கருத்தடை மாத்திரை. ஒன்றரை வருடமாகத் தினமும் போட்டு வருகிறேன். மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாக விழுங்கியதை இன்று அத்தையே கையில் எடுத்துக் கொடுக்கிறார்.


மார்ச் 3, ஞாயிறு

ஏன் போட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி. எனக்கு நான்காவது மாதம் பிறந்திருந்தது. குலதெய்வம் கோயிலுக்கு என்று சொல்லிக் காரில் ஏற்றினார்கள். கார் சேலம் தாண்டி மலைப்பக்கம் போனது. ஒரு தோட்டத்து வீடு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் ஒரு ஆள் துணிப் பையிலிருந்து ஸ்கேன் மெஷினை எடுத்தான். வயிற்றில் பசையைத் தடவிய அவன் விரல்களில் பீடி நாற்றம் அடித்தது. கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து அத்தையிடம், "மகாலட்சுமிங்க" என்றான். ஏதோ நல்ல சேதி சொல்கிறான் என்றே ஒரு கணம் நினைத்தேன். அத்தை முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று கேட்டேன். லோகுவிடம்தான் கேட்டேன். "போட்டுக்க வாணி. முதல்ல ஒரு பையன் வந்துரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார். நான் போட்டுக்கொண்டேன். யாரும் வாயைப் பிளந்து திணிக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய்.

மறுநாள் குளியலறையில் முடிந்தது. அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது. அத்தை பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கொண்டு வந்தார். மேலே பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடினார். கொண்டு போனார். சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஷெட்டுகளுக்குப் பின்னால் போனார். அந்தப் பக்கம் செத்த கோழிகளைப் போடும் குழியைத் தவிர வேறு எதுவும் இல்லை.

லோகு அன்று பரோட்டாவும் சிக்கன் வறுவலும் வாங்கி வந்தார். "தெம்பாச் சாப்பிடு" என்று பிய்த்துப் போட்டார்.

தாரணியிடம் வழுக்கி விழுந்து கலைந்துவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. கர்ப்பமானதையே சொன்னதில்லை. அத்தை மூன்று மாதம் தாண்டட்டும், கண்ணு படும் என்று சொல்லியிருந்தார்.

எந்த நாற்றத்துக்கு என் மூக்கு பழகவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.


மார்ச் 11, திங்கள்

தாரணியும் மிதுனாவும் வந்துவிட்டார்கள். ஊசி போடும் நாள் முழுக்க அவள் இங்கே இருக்க வேண்டும் என்பது அத்தையின் ஏற்பாடு. இங்கிருந்தே காரில் ஈரோடு போய் வரலாம், கவனிப்பும் நன்றாக இருக்குமாம். பாதாம், நாட்டுக்கோழிச் சாறு, இளநீர். அத்தை ஓடி ஓடிச் செய்கிறார்.


மார்ச் 14, வியாழன்

ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைக் கிள்ளிக் குத்துகிறார்கள். தாரணி கண்ணை மூடிக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்றாள். நான் பஞ்சு பிடித்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.


மார்ச் 16, சனி

நாளை சொல்லிவிடலாம்.


மார்ச் 17, ஞாயிறு

ஸ்கேனில் தாரணிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து நிறைய முட்டை வளர்ந்திருக்கிறது. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. தாரணிக்கு வயிறு உப்பி, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்டியிருந்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அத்தை அந்த வயிற்றைத் தடவினார். அவளைக் கேட்காமலேயே, எங்கள் எருமை சினையானபோது தடவியதைப் போல.

சாயங்காலம் அத்தை மிதுனாவை மடியில் வைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவை நசுக்கி ஊட்டினார். கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார்.

"அப்படியே மகாலட்சுமி மாதிரி இருக்கறா பாரு" என்றார்.

என் கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டு கீழே விழுந்தது. குழந்தை திடுக்கிட்டு அழுதாள். நான் கூட்டிப் பெருக்கினேன். ரசத்துக்குள் கிடந்த சோற்றை விரலால் வழித்து எடுக்கும்போது, இனி முடியாது என்று தெரிந்தது.


மார்ச் 18, திங்கள்

தாரணியை மாடிக்குக் கூட்டிப்போனேன். துணி துவைத்துக் காயப்போட்டிருந்தது. லோகுவின் பனியன்களுக்கு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, டாக்டர் சொன்னது, ஆடி மாதம், வாளி, குழி. வரிசையாகத்தான் சொன்னேன், பாடம் நடத்துவது போல. அழுகை வரவில்லை.

தாரணி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நெசமாவா?"

"நெசம்."

"உனக்கு முட்டை இருக்குதா?"

"இருக்கும்னு நெனைக்கறேன். அந்த டாக்டர் அப்படித்தான் சொன்னாங்க."

அவள் தன் வயிற்றைப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றி ஊசி குத்திய இடங்கள் நீலம் பாய்ந்திருந்தன.

"வியாழக்கெழமைல இருந்து குத்தறாங்க. நீதான் பஞ்சு புடிச்ச. கூடவே நின்னு பாத்துட்டுத்தான இருந்த?"

"பயமா இருந்துச்சு."

"எனக்குப் பயமில்லையா? நான் ஏன் சரின்னேன்? எங்க அக்கா பாவம்னு சரின்னேன்." அவள் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "என்ற முட்டைய எடுத்து உன்ற வயித்துல வெச்சு, அது பொட்டப்புள்ளயா இருந்திருந்தா? அதுவும் அந்தக் குழிக்குத்தான போயிருக்கும்? அது எம்புள்ளதான அக்கா?"

அவள் முட்டையில் பிறப்பது பையனாக இருந்தால் என்னை விட்டுவிடுவார்கள், மாத்திரை போட வேண்டிய அவசியமும் இல்லாமல் போகும் என்று ஒரு வாரமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். இந்த வீட்டில் அருவருப்பாக இருப்பது நாற்றம் மட்டுமல்ல. நானும் இதில் ஊறித்தான் இருக்கிறேன்.

தாரணி எழுந்து கீழே போனாள். அத்தை சாறு கொண்டு வந்தபோது கையால் தள்ளிவிட்டாள். "எங்க பாப்பாவ இனிமே தொடாதீங்க" என்றாள். அத்தைக்குப் புரியவில்லை. ஊசி போட்டால் எரிச்சல் வரும் என்று சென்டரில் சொன்னார்களாம், அதுதான் என்று சமாதானமாகிவிட்டார்.


மார்ச் 20, புதன். கோபி.

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஊசிக்குப் போகக் கார் தயாராக நின்றது. நான் ஹாலில் நின்று, தாரணி வரமாட்டாள், இனி ஊசி கிடையாது என்றேன். லோகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏன், என்னாச்சு?" என்றார்.

சொன்னேன். ஒன்றரை வருடமாகக் கருத்தடை மாத்திரை போடுகிறேன், அதனால்தான் ரிப்போர்ட் அப்படி வந்தது, எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்காகக் காலை ஊன்றி நின்றிருந்தேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி, சோத்தப் போட்ட வீட்டுக்கு இப்படிப் பண்ணிட்டயே! எங்க வம்சத்தயே அறுத்துட்டயே!"

"அம்மா, சித்த சும்மா இரு" என்றார் லோகு. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஏதோ மெல்ல மெல்லத் தெளிந்தது. "அப்ப உனக்கு ஒண்ணுமில்லயா? முட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குதா?"

தாரணி மிதுனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாத்திரைய நிறுத்திட்டா மூணு மாசத்துல சரியாயிரும். அதுக்குத்தான் அந்த டாக்டரம்மா மூணு மாசம் கேட்டாங்களா?" அவர் சிரித்தார். நிம்மதியான, மனம் நிறைந்த சிரிப்பு. கல்யாண ஆல்பத்தில்கூட அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "அம்மா, அழுவாத. இவ நல்லா இருக்கறாளாமா. நம்ம முட்டையே நமக்குப் போதும்."

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. மூக்கைச் சிந்திக்கொண்டு அவரும் யோசிக்கத் தொடங்கினார்.

லோகு தாரணியிடம் திரும்பினார். "உனக்குத்தான் வீண் செரமம் ஆயிருச்சு. ஊசிய நிறுத்திக்கலாம். பிரபாகருகிட்டச் சொன்ன பேச்சுல மாத்தம் இல்ல, ஏஜென்சி எடுத்துக் குடுத்தர்றேன்."

அவருக்குக் கோபமே வரவில்லை. ஒரு ஷெட்டில் நோய் என்று பயந்து, கோழி டாக்டர் வந்து வெறும் தண்ணீர்க் கோளாறு என்று சொன்னால் அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

"நான் ஏன் போட்டேன்னு கேக்கவே இல்லையே" என்றேன்.

"ஏன்?"

"ஆடி மாசம்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். உண்மையாகவே யோசித்தார். ஞாபகம் வந்ததும், "அதா? அது முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சே. அதயா இன்னும் நெனச்சுட்டிருக்கற?" என்றார். ஆச்சரியம்தான் அந்தக் குரலில் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

நான் உள்ளே போய்ப் புடவைகளை எடுத்துப் பையில் போட்டேன். சான்றிதழ்களை எடுத்துக்கொண்டேன். தாலியைப் பற்றி யோசிக்க அப்போது நேரமில்லை. அத்தை கதவை மறித்து, "எங்க போற? யாரு உனக்குச் சோறு போடுவா?" என்றார்.

"நான் போடறேன்" என்றாள் தாரணி. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"கோபப்படாதீங்க. நானே கார்ல கொண்டுபோய் விடறேன்" என்றார் லோகு. "பத்து நாள் தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வரட்டும்மா. மனசு சரியானாத்தான் ஒடம்பு சரியாகும். மாத்திரைய மட்டும் இன்னையோட நிறுத்தீரு வாணி."

காரில் ஏறவில்லை. ரோடு வரை நடந்தோம். நான் பையும் மிதுனாவுமாக, தாரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு. முட்டை லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது.

நேராக டாக்டர் ஹேமமாலாவிடம்தான் போனோம். அவர் தாரணியைப் பார்த்து, ஊசியை நிறுத்திவிட்டதால் தானாக அடங்கிவிடும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். ஆடி மாதத்து விஷயம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். புகார் கொடுக்கிறதானால் தானும் கூட வருவதாகச் சொன்னார். கொடுப்பேன் என்று நினைக்கிறேன். அந்தப் பீடி விரல்காரனின் வீட்டுக்கு வழி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஈரோட்டுப் பேருந்தில் தாரணி ஜன்னலோரம் உட்கார்ந்து முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். மாடியிலிருந்து இறங்கியதிலிருந்து என்னோடு அவள் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவில் மிதுனா தூங்கிவிட்டாள். முன் சீட்டில் பூக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா திரும்பி உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். தாரணியின் வயிற்றைப் பார்த்து, "மாசமா இருக்கறயா கண்ணு?" என்றார்.

"இல்லைங்க. ஊசி போட்டு உப்புன வயிறு" என்றாள் தாரணி.

அந்தம்மாவுக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது. என் பக்கம் பார்த்தார்.

"உனக்கு எத்தன கொழந்தைங்க?"

"ஒண்ணுங்க. பொண்ணு" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அந்தச் சொல் எனக்கே கேட்டது.

"கூட்டிட்டு வரலியா? எங்க விட்டுட்டு வந்த?"

"நாமக்கல்லுலதானுங்க" என்றேன். "அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்."

தாரணி அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.